கார்புரேட்டருக்கு வந்த தாகம்

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதே இல்லை என்று சபதம் எடுத்தேன். அதை நிறைவேற்ற முதலில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைத்தான் தேட வேண்டியிருந்தது.

நான் இக்னேஷியஸ். அண்ணனூர் ரயில் ஷெட்டில் ஃபிட்டர். ரயிலையே ரிப்பேர் செய்கிற மாப்பிள்ளைக்கு மிக்ஸியெல்லாம் எம்மாத்திரம் என்பது பூந்தமல்லியில் இருக்கும் என் மாமியார் ஞானம்மாளின் நினைப்பு. ஞாயிறு பூசை முடிந்ததும் நானும் மனைவி சகாயமேரியும் மோட்டார் சைக்கிளில் அங்கே போவோம். சுற்றாத ஃபேன், சுடாத இஸ்திரிப்பெட்டி என்று அந்தத் தெருவின் நோயாளிகள் எல்லாம் எனக்காக வாசலில் காத்திருக்கும். மாமியார் வைக்கும் கறிக்குழம்பு பிரமாதம்தான். ஆனால் என் கையில் கிரீஸ் வாசனைதான் மிஞ்சும்.

வண்டி மைலேஜ் தராவிட்டால் பூந்தமல்லிப் பயணமே நின்றுவிடும் இல்லையா? கார்புரேட்டரில் காற்றுக்கான ஸ்க்ரூவை நன்றாக உள்ளே முறுக்கினேன். காற்று குறைந்தால் வண்டி பெட்ரோலை மடக் மடக்கென்று குடிக்கும். ஸ்க்ரூ டிரைவரை மாதா படத்துக்குப் பின்னால் ஒளித்தேன். சகாயமேரி அங்கே கண்ணை மூடிக்கொண்டுதானே ஜெபம் செய்கிறாள்!

அந்த ஞாயிறு திரும்பி வரும்போது திருவேற்காட்டில் பெட்ரோல் தீர்ந்தது. பட்டுப்புடவையோடு சகாயமேரி வண்டியைத் தள்ளினாள்.

"இன்னாங்க, இப்டி கரும்புகை வுடுது?"

"கார்புரேட்டருக்கு வயசாயிடுச்சு மேரி."

"டியூனிங் பண்ணா சரியாவாதா?"

"அதெல்லாம் தாண்டிப் போயிடுச்சு."

"ஷெட்டுக்கு மட்டும் தெனம் ஒழுங்கா போவுதே?"

"ஷெட்டு கிட்டக்க கீது. தூரம் போனாதான் அதுக்குத் தாகம் எடுக்குது."

அவள் என்னையே பார்த்தாள். "பாவம், நீங்க இன்னா பண்ணுவீங்கோ. இனிமே அம்மா ஊட்டுக்குப் போவ வேணாம்."

எவ்வளவு நல்ல மனைவி! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பாய் விரித்துப் படுத்தேன். கண் சொருகும் நேரத்தில் வாசலில் டடடடவென்று சத்தம். மோட்டார் வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று. அதில் பெட்டி படுக்கையோடு மாமியார். அவருக்குப் பின்னால் ஃபேன்கள், மிக்ஸிகள், ஒரு கிரைண்டர்.

"வண்டி சரியாவுற வரைக்கும் அம்மா நம்ம ஊட்லதான் இருப்பாங்கோ" என்றாள் சகாயமேரி.

எனக்குத் தூக்கம் பறந்தது. "இன்னிக்கே சரி பண்ணிடறேன் மேரி!"

"டியூனிங்கெல்லாம் தாண்டிப் போயிடுச்சுன்னீங்களே?"

"மாப்ளே, வண்டி கெடக்கட்டும். கிரைண்டரைப் பாருங்கோ மொதல்ல" என்றார் மாமியார்.

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "பாக்கலாம் அத்தே. ஆனா பாருங்கோ, ஊட்ல ஸ்க்ரூ டிரைவரே இல்ல. எங்கியோ தொலைஞ்சுபோச்சு."

அம்மாவின் படுக்கையை என் பாய் மேல் விரித்துக்கொண்டே சகாயமேரி சொன்னாள்:

"மாதா படத்துக்குப் பின்னாடி கீது பாருங்கோ."