ஆறிலிருந்து ஏழு வரை வைஃபை இல்லை

"மாடி ஏறினா என் போன் செத்துப் போகுது, நம்ம பொண்ணு டேப்லெட் சுத்திச் சுத்தி நிக்குது, எங்க அக்கா வீடியோ கால்ல பாதிப் பேச்சுல உறைஞ்சு பேய் மாதிரி வாயைப் பிளந்துட்டு இருக்கா. மூணு வைஃபை பெட்டி வாங்கி மாட்டினீங்களே, எதுக்கு, அழகுக்கா?"

ரயில் நிலைய அறிவிப்பாளருக்கு இந்த வசனம் மனப்பாடம். இரண்டு வாரமாகத் தினம் மாலை இதே புகார், ஓர் எழுத்து மாறாமல். அதனால்தான் மனைவியின் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார். அந்த நேரத்தில் அவருக்கு நிஜமாகவே காது கேட்காது.

"மெஷ்னா அப்படித்தான்மா," என்றார், ஒலிபெருக்கியில் பழகிய குரலில். "கீழ ஒண்ணு, படிக்கட்டுத் திருப்பத்துல ஒண்ணு, மாடியில ஒண்ணு. மூணும் கைகோத்து நிக்கணும். எங்கேயோ கை விட்டுப் போகுது. கண்டுபிடிச்சிடறேன்."

கை விட்டது எங்கே என்று அவருக்குத் தெரியும். விட்டதே அவர் கைதான்.

தினம் ஆறு மணிக்கு வேலை முடிந்து வருவார். படிக்கட்டுத் திருப்பத்துச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் குனிவார். நடுப்பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, அங்கே சோப்பு டப்பா மாதிரி ஒரு சார்ஜரைச் சொருகுவார். உள்ளே கடுகளவு இரண்டு காது மெஷின்கள். வீட்டில் யார் கண்ணிலும் படாத ப்ளக் பாயின்ட் அது ஒன்றுதான். ஏழு மணிக்கு மெஷின்கள் காதுக்குள்; காது, வளர்த்துவிட்ட முடிக்குள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம், கடுகை மறைப்பதுதான் பெரும்பாடு.

காது மந்தமானது பாவமில்லை. ஆனால் ஐந்து வருடமாக, "எனக்குக் காது கணீர்னு இருக்கு, நீதான் முணுமுணுக்கறே" என்று சாதித்த மனிதர் அவர். சாதித்ததோடு நிற்காமல் மனைவியைத் தொண்டை டாக்டரிடம் அனுப்பினார். டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர், "தொண்டைக்கு ஒண்ணுமில்லம்மா, அனுப்பினவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார். அந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்று அதையும் சாதித்தார். மெஷினை முதலில் மாட்டிய அன்று, சமையலறையில் அவள் ஸ்பூன் வைக்கிற சத்தம் கூடம்வரை கேட்டது. அவருக்கு உடம்பு கூசிப்போயிற்று. இனி எந்த மூஞ்சியோடு ஒப்புக்கொள்வது?

"ஏங்க, இரும்பு பீரோ சிக்னலை மறிக்குமாமே?" என்று ஒருநாள் மனைவியே கேட்டாள்.

முங்கப் போனவருக்குக் கட்டை கிடைத்தது. "மறிக்கும், மறிக்கும்! அதேதான்!"

மூச்சிரைக்க பீரோவை நகர்த்தினார். பின்னால் இருந்த நூலாம்படையை அவள் நிதானமாகக் கூட்டினாள்.

"பரண்ல கிடக்கற ஓட்டை உடைசல்?"

"அது இன்னும் மோசம்!"

பரண் காலியாயிற்று.

"தண்ணி சிக்னலைக் குடிச்சிடுமாம்ப்பா," என்றாள் மகள், டேப்லெட்டிலிருந்து முகத்தை எடுக்காமல். சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றினார். எல்லாம் எப்போதோ கேள்விப்பட்ட வேலைகள் மாதிரி இருந்தன. எங்கே என்றுதான் நினைவு வரவில்லை.

அன்று ஏழரை மணி. கூடத்தில் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். சமையலறையில் குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில், மனைவி மகளிடம் கிசுகிசுத்தாள்:

"பெரியம்மா நாளைக்கு வர்றாடி. ஆறு மாசம் இங்கதான்."

"ஆறு மாசமா!" பேப்பர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

குழாய் நின்றது. ஈரக்கையோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"கேட்டுடுச்சாங்க?"

அவர் கை தானாகப் போய்க் காதுமேல் முடியை இழுத்துவிட்டது. அவள் போனை நீட்டினாள். படிக்கட்டுப் பெட்டி, ஆறு பத்துக்குத் துண்டிப்பு, ஏழுக்கு இணைப்பு. பதினாலு நாள், பதினாலு வரி.

"முதல் நாளே என் போன்லயும் இந்த வைஃபை ஆப்பை ஏத்திட்டேன். ரெண்டாம் நாள் செருப்பு அலமாரிக்குப் பின்னாடி பார்த்துட்டேன்."

"அப்ப பீரோ? பரணு?"

"அஞ்சு வருஷமா இதையெல்லாம் செய்யச் சொல்லிச் சங்கு ஊதினேன். தொண்டை டாக்டர்கிட்ட அனுப்பினீங்க. இப்ப சிக்னல்னு ஒரு வார்த்தை. வீடே சுத்தம்."

அறிவிப்பாளர் தரையைப் பார்த்தார். "டாக்டர்கிட்ட அனுப்பினது... தப்புதாம்மா."

"என்னது? முணுமுணுக்காதீங்க."

"தப்புதான்!" நான்கு பிளாட்பாரத்துக்கும் கேட்கிற குரலில் வந்துவிட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அவள் செருப்பு அலமாரிக்குப் பின்னால் குனிந்தாள். சோப்பு டப்பா சார்ஜரைக் கொண்டுவந்து, கூடத்தில் டி.வி. பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படுகிற ப்ளக் பாயின்டில் மாட்டினாள். மகளைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினாள்.

வைஃபை அன்று பிரமாதமாக வேலை செய்தது. வீடியோ காலில் "அக்கா, இந்தக் கூத்தைக் கேளேன்" என்பது ஒரு சொல் சிதறாமல் கீழே இறங்கி வந்து, இரண்டு காதிலும் விழுந்தது.

அறிவிப்பாளர் படிக்கட்டுத் திருப்பம்வரை ஓடினார். "இந்தாம்மா, அவங்ககிட்ட மட்டும் சொல்லாதே! கேக்குதா?"

மாடியில் மூன்று பேருக்கும் காது கேட்கவில்லை.