நீலம் தவறாத நோயாளி

மாதத்தின் முதல் சனிக்கிழமை. எனக்கு ஒரே வேலைதான். மூத்திர பாட்டிலை டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அவர் நீல மருந்தில் சில சொட்டு விட்டுக் கொதிக்கவைப்பார். நீலம் மாறாவிட்டால் சீனி இல்லை. செங்கல் நிறமானால் வசவு. சீனியை வருஷக்கணக்காக ஏறவிட்டால் இருதயத்தில்தான் வந்து முடியும் என்பார். என் அண்ணனுக்கு அப்படித்தான் முடிந்தது.

அதனால் நான் மிகுந்த பொறுப்போடு நடந்துகொண்டேன். பரிசோதனைக்கு முந்தைய வியாழனும் வெள்ளியும் பட்டினி. தவக்காலம் பழக்கிய உடம்பு. மற்ற நாட்களில் துறைமுக ஆபீஸ் விட்டதும் பேக்கரியில் நூறு கிராம் மக்ரூன், முந்திரியும் சீனியும் சேர்த்த இனிப்பு. வீடு சேருமுன் பொட்டலம் காலி.

ஐந்து வருஷமாக என் நீலம் தவறியதில்லை. இவரைப் பார்த்துக் கத்துக்கிடுங்க என்று டாக்டர் மற்ற நோயாளிகளிடம் சொல்வார். நான் அடக்கமாகத் தலை குனிந்துகொள்வேன்.

கொஞ்ச நாளாக ஆபீஸ் மாடிப்படி ஏறினால் நெஞ்சை அழுத்தியது. வாயு என்று நானே கண்டுபிடித்திருந்தேன்.

அன்று வெறும் வயிற்றில், சீனி குறைய டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஒன்று கூடுதலாகப் போட்டேன். நீலம் இன்னும் நீலமாக இருக்கட்டுமே.

பேக்கரி வாசல் வரைதான் போக முடிந்தது. வேர்த்தது, கண் இருட்டியது, விழுந்தேன். பாட்டில் உடையவில்லை.

பேக்கரி அண்ணாச்சி ஓடிவந்து என் வாயில் இரண்டு மக்ரூனைத் திணித்தார். கண் திறந்தது. ரிக்சாவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போனார். நானே போய்க்கொள்கிறேன் என்று வழியெல்லாம் கெஞ்சினேன். நல்ல மனிதர், கேட்கவில்லை.

என்ன நடந்தது என்று டாக்டர் விசாரித்தார். அண்ணாச்சிக்கு நிஜமான கவலை.

"தெனமும் மக்ரூன் வாங்குத ஆளு டாக்டர். மாசத்துல மொத வாரம் ரெண்டு நாளு மட்டும் கடைப்பக்கமே வரமாட்டாவ. அது இல்லாமத்தான் இப்படி ஆயிட்டாவளோ?"

காத்திருந்த நோயாளிகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடக்கமாகத் தலை குனிந்துகொண்டேன்.

டாக்டர் பாட்டிலைச் சோதித்தார். அழகான நீலம். பிறகு என் நெஞ்சில் ஒயர்களை மாட்டி இ.சி.ஜி. எடுத்தார். அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார்.

"வே, பாட்டிலுக்கு ரெண்டு நாளுதான் தெரியும். இருதயத்துக்கு அஞ்சு வருசமும் தெரிஞ்சிருக்கு."

வாயு இல்லையாம். ஆறு வாரம் படுக்கை.

இப்போதெல்லாம் டாக்டர் என்னிடம் பாட்டில் கேட்பதில்லை. அண்ணாச்சியைக் கேட்டுக்கொள்கிறார்.