பட்டியலிலிருந்து விழுந்த டாப்டென்

சொந்தக் கடையிலிருந்து தன்னைத் தானே வேலையை விட்டு நீக்கிக்கொண்ட முதலாளி இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரோடு சேர்ந்து நீக்கப்பட்டவன் நான். திருப்பதியை முதுகுக்குப் பின்னால் விட்டு, புத்தூர் சாலையில் இருவரும் நடந்துகொண்டிருந்தோம். கார்வேட்டிநகரத்தில் இருக்கும் அவர் தம்பி வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. என் பையில் இரண்டு சட்டை. அவர் பையில் தோசைத் திருப்பி. எட்டாவதோடு பள்ளியை விட்ட எனக்கு ஊரை விட்டு நடப்பது பழக்கம். அவருக்கு அன்றுதான் முதல் தடவை. பர்லாங்குக்கு ஒரு முறை செருப்பைக் கழற்றி உதறினார்.

அவர் சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. டாப்டென் என்றால்தான் தெரியும். நான்கு மேசை போட்ட டிபன் கடை. ஷேர் மார்க்கெட்டில் அவருக்கு ஒரே வழி. மாதம் ஒன்றாம் தேதி, அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் அதிகம் ஏறிய பங்குகளை வரிசைப்படுத்துவார். முதல் பத்து கையில் இருக்கும். பத்துக்கு வெளியே விழுந்ததை அன்றே விற்றுவிடுவார். அது என்ன கம்பெனி, என்ன தயாரிக்கிறது என்று கேட்கவே மாட்டார். எங்கள் மாவு கிரைண்டரைச் செய்த கம்பெனியின் பங்கை, அதே கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு விற்றார்.

"ஏம் அண்ணா, அடுத்து எது ஏறும்?" என்று சாப்பிட வருகிறவர்கள் கேட்பார்கள்.

"எனக்கு இன்னாடா தெரியும்? ஏறிக்கினு இருக்கறத வாங்கறேன். எறங்கினா வித்துட்றேன். நாளைக்கு இன்னா ஆவும்னு தெரிஞ்சா நான் ஏன் இங்க தோசை சுட்டுக்கினு இருக்கறேன்?"

பங்குகள் நன்றாகவே போனதால் அவருக்குத் துணிச்சல் கூடியது. ஒன்றாம் தேதி ரூல் மெனுவுக்கும் வந்தது. முதல் மாதமே உப்மா காலி. தினமும் உப்மா சாப்பிட்டுவந்த ரிட்டையர்டு வாத்தியார் மேசையைத் தட்டினார்.

"பத்து வருசமா துன்றேன்யா. என்னைக் கேக்காம எப்பிடி எடுத்த?"

"நீங்க ஒர்த்தர்தான் சார் துன்றீங்க. வால்யூம் இல்ல."

அடுத்தது ஆட்கள். கடையில் நாங்கள் நாலு பேர். இட்லிக்கு அவர் மனைவி, எங்களுக்கு அக்கா. பரிமாற முனிரத்னம். தட்டு கழுவ நான். தோசைக் கல்லில் டாப்டென். நாலு டப்பாவில் நாலு பெயர் எழுதி வைத்தார். சாப்பிட்டு முடித்தவர் தனக்குப் பிடித்த ஆளின் டப்பாவில் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். ஆறு மாதம் போட்டார்கள். முதல் இரண்டு பேருக்கு வேலை உண்டு. மற்ற இருவரும் வெளியே.

ஒன்றாம் தேதி காலை டப்பாக்களைக் கவிழ்த்தார். அக்காவுக்குக் குவியல். முனிரத்னம் இரண்டாவது. தட்டு உடைத்தே பெயர் வாங்கிய நான் மூன்றாவது. டாப்டென் டப்பாவில் இருந்தது ஒரே கொட்டை, அதுவும் பூச்சி அரித்தது. காரணம் எல்லாருக்கும் தெரியும். மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனிதர், காலை ஒன்பதேகாலுக்கு மார்க்கெட் திறந்ததும் போனிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். அதற்குப் பிறகு வருகிற தோசை எல்லாம் கருப்பு.

"நான் வெளிய" என்றார்.

"யோவ், கடையே உன்னுதுயா" என்றாள் அக்கா.

"ஓனர்னு பாசம் வெச்சா ரூல் செத்துப்பூடும்."

அன்று சாயங்காலம் வடமாலைப்பேட்டை வரை நடந்து ஒரு கரும்புச் சாறு வண்டியருகே உட்கார்ந்தோம். திருப்பியை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"திரும்பிப் போவணும்னா ரேங்க் ஏறணும்டா. ரேங்க் ஏறணும்னா கல்லுல நிக்கணும். நான்தான் நிக்கக் கூடாதே."

இருபது வருடம் அந்தக் கல்லின் முன்னால் நின்ற மனிதர். எனக்கு இந்த ஊர் இல்லாவிட்டால் இன்னொரு ஊர். அவருக்கு வேறு கல் கிடையாது. சாறு தம்ளர் அவர் கையில் அப்படியே இருந்தது.

அப்போதுதான் முனிரத்னத்தின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அக்கா வந்து இறங்கினாள்.

"இன்னாயா, ஏறறது ஒன்னுதான் கணக்கா? நீ படிக்கிற ஷேர் புக்குல வேற கணக்கு ஒன்னுமே இல்லியா?"

"நெறைய கீது. ஆடாம நிக்கறது, தரமா இருக்கறது, மலிவா கெடைக்கறது..."

"அங்கியே நில்லு. மலிவு. நம்ம கடையில சம்பளம் வாங்காத ஆளு யாரு?"

டாப்டென் நிஜமாகவே யோசித்தார். "நீயும் நானும்."

"நான் ஏற்கெனவே லிஸ்ட்ல கீறேன். மீதி?"

"நான்."

"அப்ப மலிவுல நீதான் ஃபர்ஸ்ட்டு. வண்டில ஏறு."

அவர் சாற்றை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வண்டியில் ஏறினார்.

"அக்கா, நானு?"

"ரெண்டாவது மலிவு நீதான்டா. என் கூட பஸ்ல வா."

மறுநாள் காலை அக்கா எனக்குப் புது வேலை கொடுத்தாள். ஒன்பதேகாலிலிருந்து டாப்டென்னின் போனை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கல்லருகே நிற்க வேண்டும். மாவை ஊற்றிவிட்டு, "டேய், ஏறுதா?" என்பார். போனை எடுக்காமலே, "ஏறுதுண்ணா" என்பேன். முகமெல்லாம் சிரிப்பாகத் தோசையைத் திருப்புவார், பொன்னாக வரும். எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை செய்திருக்கிறேன். விடிந்ததும் ஓடிப்போய் நின்றது அந்த ஒரு வேலைக்குத்தான்.