போத்தலண்ணையின் விளாம்பழ ஜாம்

மானிப்பாயில் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கையில் குடியிருக்கிறவர்கள் விளாம்பழ ஜாமுக்குப் பயந்ததுபோல் வேறெதற்கும் பயந்ததில்லை. ஜாமில் குற்றமில்லை. அதைக் கொடுத்துவிட்டுப் போத்தலைத் திருப்பிக் கேட்பதற்கென்றே பிறந்த ஒரு மனிதர் எங்களுக்கு வாய்த்திருக்கிறார். போத்தலண்ணை என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவருடைய சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் மட்டும் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பஸ் சாரதி. மனைவி தவறிய பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனி ஆள். ஒரே மகன் கனடாவில். வளவில் ஒரு விளாமரம். விழுகிற பழங்களைக் கல்லில் அடித்து உடைத்து, சதையைத் தோண்டிக் கரைத்து, பழைய வேட்டித் துண்டில் வடித்து, சீனி போட்டுத் தாச்சியோடு அடுப்பில் ஏற்றுவார். ஜாம் கொதித்துத் தெறிக்கும்போது ஹெல்மெட் போட்டுக்கொண்டு துழாவுவார். இது நான் கண்ணால் கண்டது. கறுவா, கராம்பு எல்லோரும் போடுவதுதான். இவர் மிளகையும் அள்ளிப் போடுவார். பாணில் பூசினால் பாணே இருமும்.

"அண்ணை, இது ஜாமோ ரசமோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தடிமன் சளிக்கு நல்லது. இருந்து சாப்பிடும், தண்ணி கொண்டு வாறன்."

"எனக்குத் தடிமன் இல்லையே."

"வரும், இரும்."

ஜாம் கொடுத்த அடுத்த நாளே வாசலில் சைக்கிள் மணி கேட்கும். "போத்தல் முடிஞ்சுதோ?" முடிந்தது என்று கையில் கொடுத்தால் வாங்க மாட்டார். "சைக்கிளிலை உடைஞ்சிடும். வீட்டை கொண்டு வாங்கோ." ஜாம் நிறைந்த போத்தல் உடையாமல் வந்ததும் அதே சைக்கிளில்தான்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில், வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஆகவே போத்தலில் எள்ளுருண்டையோ மோர்மிளகாயோ போட்டுக்கொண்டு போவோம். நாம் ஏதோ கொண்டுவந்துவிட்டோம் என்று அவர் மறுபடியும் ஜாமை நிரப்பித் தருவார். இதிலிருந்து தப்பியவர் ஒருவருமில்லை. எதிர்வீட்டுப் பள்ளிக்கூட ரீச்சர் ஒருநாள் சைக்கிள் மணி கேட்டதும் கட்டிலுக்குக் கீழே ஒளிந்தார்.

போனால் இலேசில் வர முடியாது. எதிரெதிரே இரண்டு கதிரைகள் போட்டிருக்கும். தேத்தண்ணி வரும். காங்கேசன்துறைக்கு பஸ் ஓட்டிய கதைகள் வரும். எழும்பினால் போத்தலை வெளிச்சத்தில் பிடித்து, "அடியிலை ஒரு பொட்டு இருக்கு" என்று தானே கழுவத் தொடங்குவார். அவ்வளவு ஆறுதலாகப் போத்தல் கழுவுகிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவருக்கு வேண்டியது போத்தல் இல்லை, முன்னால் ஒரு ஆள் என்று எனக்கு விளங்கியது. நானும் தனிக்கட்டைதான். பின்னேரங்களில் ஒரு வீடு எவ்வளவு பெரிதாகிவிடும் என்று எனக்குத் தெரியும்.

ரீச்சர் பொறுக்க முடியாமல் கனடாவுக்குப் போன் எடுத்துவிட்டார். மகன் நல்ல பிள்ளை. கொழும்பில் ஒரு கடைக்குச் சொல்லிப் பெட்டி பெட்டியாகப் புதுப் போத்தல் அனுப்பினான். அவை வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். போனில் அவன் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"அப்பா, இனி ஒருத்தரிட்டையும் போத்தல் கேக்காதேங்கோ. பாவம், அவையளும் வேலைவெட்டி உள்ள ஆக்கள்."

"ஓம், ராசா" என்றார் அவர்.

செய்தி பரவியதும் ஒழுங்கைக்கே தீபாவளி. அவருடைய படலை திறக்கிற சத்தம் நின்றுபோனது. எனக்கும் அந்த நேரம் பார்த்துக் கால்வீக்கம், வீட்டோடு கிடந்தேன். ஜாம் வாசனை வரவேயில்லை. வீக்கம் வடிந்ததும் எட்டிப் பார்த்தேன். விளாம்பழங்கள் மரத்தடியில் அழுகிக் கிடந்தன. அவர் வெறும் கதிரைக்கு முன்னால் இருந்தார்.

"ஏன் அண்ணை ஜாம் காய்ச்சேல்லை?"

"போத்தல் இல்லைத் தம்பி."

"மகன் அனுப்பினதெல்லே?"

"எல்லாம் உடைஞ்சு போச்சு."

அவர் முதுகுக்குப் பின்னால் பெட்டிகள் பிரிக்கப்படாமல் கூரைவரை அடுக்கியிருந்தன. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"நீர் ஒண்டையும் காணேல்லை, விளங்குதோ?"

"என்னத்தை அண்ணை?" என்றேன்.

பிறகு, "புதுப் போத்தலைத் திருப்பித் தர ஆர் வருவினம்?" என்றார். நான் எழும்பி மரத்தடிக்குப் போனேன். நல்ல பழமாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, ஒழுங்கை முழுக்கச் செய்தி சொன்னேன்: புதுப் போத்தல் எல்லாம் உடைந்துவிட்டது, பழையதைத் திருப்பிக் கொடுங்கள். ரீச்சர் தலையில் கைவைத்தார். ஆனால் முதல் ஆளாக எள்ளுருண்டையோடு போனவரும் அவர்தான்.

நேற்று என் முறை. போத்தலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டும் இல்லை. முகம் வாடிவிட்டது.

"இதின்ரை மூடி எங்கை?"

"ஐயோ, மறந்துபோய் வந்திட்டன்."

"அப்ப நாளைக்குக் கொண்டு வாரும்" என்றார், முகமெல்லாம் வெளிச்சமாக. படலை வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

மூடி என் சட்டைப் பையில்தான் கிடந்தது.