மாலையும் கழுத்துமா நிலக்கோட்டை பஸ்ல

நிலக்கோட்டை போய் ரெண்டு மாலை வாங்கிட்டு வரணும். எனக்குக் குடுத்த வேலை அம்புட்டுதான்.

சித்தப்பா மக கவிதாவுக்குக் கல்யாணம். மண்டபம் திண்டுக்கல்ல. மாப்பிள்ளை வீடு ஒட்டன்சத்திரம் பக்கம்.

திண்டுக்கல்ல பூ மார்க்கெட் இருக்கே, மாலைக்கு எதுக்கு நிலக்கோட்டைனு கேப்பீங்க. நானும் கேட்டேன்.

கவிதா போனைக் காட்டுனா. எங்கயோ வடக்க ஒரு கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேருக்கும் சேலைக் கலர்லயே மாலை. ரோஸும் இல்ல, சந்தனமும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல ஒரு கலர். "பேஸ்டல்ணே"ன்னா.

திண்டுக்கல் பூக்கடைக்காரங்க எல்லாரும், "இந்தக் கலர்ல பூவே கெடையாதும்மா"ன்னுட்டாங்க. நிலக்கோட்டைல ஒருத்தர் மட்டும், "பூ இல்லாட்டி என்ன, சாயம் ஏத்திச் செஞ்சு தாரேன்"னாராம். மனுசன் தைரியசாலி.

கல்யாணத்தன்னைக்குக் காலைல சித்தப்பா, "ஏலே, கார் மேக்கப் பொண்ணைக் கூப்புடப் போயிருச்சு. நீ பஸ்ல போயிட்டு வந்துரு. டிரஸ்ஸைப் போட்டுட்டே போ, திரும்பி வந்தா நேரா மண்டபம்தான்"னாரு.

இந்த டிரஸ்ஸைப் பத்திச் சொல்லணும்.

பட்டுச் சட்டை. ஸ்லிம் ஃபிட். கடையில போட்டுப் பாத்தப்பவே மூச்சு விட முடியல. கடைக்காரத் தம்பி, "பெரிய சைஸ் தரவாண்ணே?"ன்னுச்சு. எனக்கு ரோஷம் வந்துருச்சு. "வேணாம், நான் கொறைச்சுக்கறேன்"னுட்டேன்.

அன்னைக்கு ஆரம்பிச்ச டயட். சோறு கெடையாது. இட்லி கெடையாது. காலைல சுரைக்கா ஜூஸ், மத்தியானம் முளைகட்டின பயறு, சாயங்காலம் வெள்ளரிக்கா. ராத்திரிக்கு போன்ல பிரியாணி வீடியோ.

பலன் இல்லாம இல்ல. கன்னம் ஒட்டிருச்சு. கண்ணு உள்ள போயிருச்சு. கழுத்தெலும்பு தெரிஞ்சுச்சு.

தொப்பை மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி இருந்த எடத்துலயே இருந்துச்சு.

அந்த மூஞ்சியோட, அந்தத் தொப்பையோட, அந்தச் சட்டைக்குள்ள நொழைஞ்சு, பட்டு வேட்டியும் கட்டி, டப்பால நாலு துண்டு வெள்ளரிக்கா போட்டுக்கிட்டு பஸ் ஏறுனேன்.

பூக்கடைக்காரர் சொன்னபடி செஞ்சு வச்சிருந்தாரு. சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கலர் அப்படியே வந்திருந்துச்சு. வாடாம இருக்கணும்னு தண்ணிய நல்லாத் தெளிச்சு, அட்டைப்பெட்டில வச்சுக் குடுத்தாரு.

தண்ணியும் அட்டைப்பெட்டியும்! அப்பவே எனக்குத் தோணிருக்கணும். பசியில மூளை வேலை செய்யல.

திரும்புற பஸ்ல நிக்கவே எடமில்ல. முகூர்த்த நாள். பொட்டிய நெஞ்சோட அணைச்சுப் புடிச்சுக்கிட்டு நின்னேன். ஊரைத் தாண்டுறதுக்குள்ள பொட்டியோட அடிப்பக்கம் கொழகொழன்னு ஆச்சு. ஒரு வேகத்தடை. அம்புட்டுதான்! அடி கழண்டு மாலை ரெண்டும் சரசரன்னு எறங்குச்சு.

முன்னாடி சீட்டுல ஒரு அக்கா. மடியில முருங்கக்காய்க் கட்டு. பேரு பாண்டியம்மான்னு பின்னாடி தெரிஞ்சுச்சு. டக்குனு கைய நீட்டி ரெண்டு மாலையையும் புடிச்சுட்டாங்க. அக்கா இல்லைன்னா பேஸ்டல் அங்கயே பஞ்சாமிர்தம்.

"கையில வச்சுக்கிட்டு நின்னா நசுங்கிரும் அப்பு. உன் மாலைய நீ கழுத்துல போட்டுக்க. பொண்ணு மாலைய நான் மடியில வச்சுக்கறேன்"னாங்க.

"அக்கா, இது என் மாலை இல்ல…"ன்னு ஆரம்பிச்சேன்.

அதைச் சொல்றதுக்கு மூச்சை இழுத்தேன் பாருங்க. டப்புனு ஒரு சத்தம். சட்டை பட்டன் ரெண்டு தெறிச்சு, ஒண்ணு கண்டக்டர் பைல போயி விழுந்துச்சு.

தொப்பை வெளிய வந்து பஸ்ஸை எட்டிப் பாத்துச்சு.

மாலைய வாங்கிக் கழுத்துல போட்டுக்கிட்டேன். சரியா மறைச்சுச்சு.

அடுத்த நிமிஷமே பாண்டியம்மா அக்கா திரும்பி, "ஏய், மாப்பிள்ளை நிக்கிறாரு! எந்திரிச்சு எடம் விடுங்கப்பா!"ன்னு ஒரு சத்தம் போட்டாங்க.

மூணு பேரு எந்திரிச்சாங்க.

எனக்குத் தலை சுத்திக்கிட்டு இருந்துச்சு. உக்காந்துட்டேன். ஒரு சீட்டுக்கு ஆசைப்பட்டு மாப்பிள்ளை ஆனவன் தமிழ்நாட்டுல நான் ஒருத்தன்தான்.

பக்கத்துல ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர், சூசை சார். கண்ணாடிய எறக்கி என் மூஞ்சியைப் பாத்தாரு. கன்னத்தைப் பாத்தாரு. கண்ணைப் பாத்தாரு.

"தம்பி, சாப்டீங்களா?"

"வெள்ளரிக்கா சாப்ட்டேன் சார்."

பஸ்ஸே "ச்சொ"ன்னுச்சு.

"கல்யாணத்தன்னைக்கு வெள்ளரிக்காவா! வீட்ல பெரியவங்க யாரும் கூட வரலையா?"

"எல்லாரும் மண்டபத்துல இருக்காங்க சார்."

"நீங்க மட்டும் ஏன் இங்க இருக்கீங்க?"

நியாயமான கேள்வி. இதுக்கு மேல தாங்காதுன்னு, "சார், நான் மாப்பிள்ளையே இல்ல"ன்னு உண்மையச் சொன்னேன்.

சார் என் தோள்ல கைய வச்சாரு. "எல்லாருக்கும் இப்படித்தான் தம்பி இருக்கும். நானும் என் கல்யாணத்தன்னைக்குக் கோயில் பின்வாசல் வழியா எட்டிக் குதிச்சேன். எங்க பாதர்தான் புடிச்சுக் கூட்டியாந்தாரு. இப்ப பாரு, நல்லாத்தான் இருக்கேன்."

"சார், நெசமாவே நான் மாப்பிள்ளை இல்ல!"

பாண்டியம்மா அக்கா முருங்கக்காயைக் கீழ வச்சுட்டு முழுசாத் திரும்புனாங்க. "அப்ப அந்த மாலையைக் கழட்டு பாப்பம்."

நான் மாலைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன்.

"பாத்தீங்களா! வாய்தான் வேணாங்குது. மனசு வேணும்ங்குது"ன்னாங்க.

சரியா அந்த நேரத்துல சித்தப்பா போன் பண்ணாரு. சித்தப்பாவுக்கு போன்ங்கறது ஒரு பேருக்குத்தான். அவரு பேசுனா போன் இல்லாமலே கேக்கும்.

"ஏலே! எங்கடா இருக்க? நேரம் போகுது! நீ வந்தாத்தான்டா தாலி கட்ட முடியும்! இங்க பொண்ணு அழுகுறாடா! மேக்கப்பெல்லாம் ஓடுது!"

போன் கட். பஸ் மொத்தமும் என்னையத் திரும்பிப் பாத்துச்சு.

கண்டக்டர் எந்திரிச்சு, எந்த மண்டபம்னு எங்கிட்டக் கேட்டாரு. முகத்துல ஒரு தியாகம் தெரிஞ்சுச்சு. "டிரைவரண்ணே, இனிமே எங்கயும் நிறுத்தாதீங்க. ஸ்ட்ரெய்ட்டா மண்டபம்!"

"யோவ், நான் சின்னாளப்பட்டில எறங்கணும்யா! பல்லு புடுங்கணும்!"னு கன்னத்துல கைய வச்சுக்கிட்டு ஒருத்தர் கத்துனாரு.

"ஒரு பொண்ணு வாழ்க்கையா, உம்ம பல்லா?"ன்னாங்க பாண்டியம்மா அக்கா.

சின்னாளப்பட்டி ஸ்டாப்புல கூட்டம் கைய நீட்டுச்சு. பஸ் நிக்கல. பல்லு வலிக்காரர் ஜன்னல் வழியா ஆஸ்பத்திரி போர்டு போறதைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தாரு. பின்சீட்டுல ஒரு காலேஜ் பொண்ணு என்னைய போட்டோ எடுத்துச்சு. சூசை சார் வழி நெடுக இல்லறத்தைப் பத்திப் பேசுனாரு. விட்டுக் குடுக்கணுமாம். நான் ஏற்கனவே சோறு, இட்லி, மானம் மூணையும் விட்டுக் குடுத்துட்டேன் சார்னு சொல்ல நெனச்சேன். தெம்பில்ல.

பஸ் மண்டப வாசல்லயே போயி நின்னுச்சு.

நான் எறங்குனேன். பின்னாடியே பாண்டியம்மா அக்கா, பொண்ணு மாலையோட. அதுக்குப் பின்னாடி சூசை சார். அதுக்குப் பின்னாடி மொத்த பஸ்ஸும். நான் ஓடிரக் கூடாதுல்ல!

வாசல்ல பன்னீர் தெளிச்சுக்கிட்டு இருந்தது மாப்பிள்ளையோட தாய்மாமா. என்னைய அதுக்கு முன்ன பாத்ததில்ல. மாலைய பாத்தாரு, கூட்டத்தைப் பாத்தாரு. செம்பைக் கீழ வச்சுட்டாரு.

"ஏனுங்க… யாருங்க நீங்க?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள பாண்டியம்மா அக்கா தொறந்துட்டாங்க. "மாப்பிள்ளையப் பாத்து யாருன்னா கேக்குறீங்க? பொண்ணு வீட்டு மரியாதை இம்புட்டுதானா?"

"மாப்பிள்ளை உள்ள மணையில உக்காந்திருக்காருங்களே!"

பாண்டியம்மா அக்கா என்னையப் பாத்தாங்க, மண்டபத்துக்குள்ள எட்டிப் பாத்தாங்க.

"இன்னொருத்தனை உக்கார வச்சுட்டாங்களா! அடப்பாவிகளா! வா அப்பு!"ன்னு அக்கா என் கையப் புடிச்சு தரதரன்னு இழுத்துட்டு உள்ள போனாங்க. பஸ் பின்னாடியே வந்துச்சு.

நாதஸ்வரம் பாதியில நின்னுச்சு. தவில்காரரு மட்டும் கவனிக்காம ரெண்டு அடி கூட அடிச்சாரு.

மேடையில மாப்பிள்ளை என்னைய பாத்தாரு. என் கழுத்தைப் பாத்தாரு. தன் வெறுங் கழுத்தைத் தடவிப் பாத்தாரு. மெதுவா எந்திரிச்சு, ரொம்ப மரியாதையாக் கேட்டாரு.

"அப்ப நான் யாருங்க?"

அவங்கம்மா நெஞ்சுல கைய வச்சுட்டாங்க. தாய்மாமா சட்டைக் கைய மடிச்சுவிட ஆரம்பிச்சாரு. சித்தப்பா எங்கயோ பந்தி பாக்கப் போயிட்டாரு. எனக்கு வேத்து ஊத்துச்சு. மாலையும் சேந்து ஊத்துச்சு. ஒரு நல்ல கல்யாணத்தை நிறுத்தப் போறமேன்னு நெசமாவே வயிறு கலங்குச்சு. அதுக்கு உள்ள கலங்குறதுக்கு ஒண்ணும் இல்லைங்கறது வேற விஷயம்.

ஐயர் மட்டும் கைக்கடியாரத்தைப் பாத்து, "நேரம் போயிண்டிருக்கு. யாராவது ஒருத்தர் உக்காருங்கோ"ன்னாரு.

அப்பத்தான் கவிதா தலைய நிமித்திப் பாத்தா.

"அண்ணே! அந்த மாலைய ஏண்ணே நீ போட்டிருக்க? கழட்டுண்ணே!"

"அண்ணே"ங்கற வார்த்தை விழுந்ததும் பாண்டியம்மா அக்கா பிடி தளந்துச்சு. "அண்ணனா?"ன்னு பஸ் மொத்தமும் மூச்சை இழுத்துச்சு.

"கழட்ட முடியாது கவி"ன்னேன்.

"ஏன்?"

பக்கத்துல போய் ரகசியமா, "சட்டைல பட்டன் இல்ல, தொப்பை தெரியும்"னேன். ஐயர் முன்னாடி மைக் இருந்ததை நான் கவனிக்கல.

டைனிங் ஹால் ஸ்பீக்கர் வரைக்கும் போயிருச்சு. பந்தியில இருந்து ஒரு கைதட்டல் வந்துச்சு.

மொதல்ல சிரிச்சது மாப்பிள்ளைதான். நல்ல மனுசன். அப்புறம் அவங்கம்மா. தாய்மாமா மட்டும் மடிச்ச கையை எறக்கிவிட்டுட்டு, "எல்லாஞ் சரிங்க. ஆனா ஒருத்தரு போட்ட மாலைய எங்க பையனுக்கு எப்படிங்க போடறது?"ன்னாரு.

அதுவும் சரிதானே! கடைசியில வாசல் பிள்ளையாருக்குனு வாங்கி வச்சிருந்த செவ்வந்தி மாலைய எடுத்தாந்து போட்டாங்க. மஞ்சள்னா மஞ்சள், கண்ணைக் குத்துற மஞ்சள். பொண்ணு மாலைய மட்டும் பாண்டியம்மா அக்கா யாருகிட்டயும் குடுக்கல. தானே மேடையேறிக் கவிதா கையில குடுத்து, கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சுட்டுத்தான் எறங்குனாங்க.

தாலி நல்ல நேரத்துலயே ஏறிருச்சு.

சித்தப்பா பஸ்காரங்க எல்லாரையும் சாப்புட உக்கார வச்சாரு. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மொதப் பந்தி. சூசை சார் எங்க சித்தப்பாவுக்கும் விட்டுக் குடுக்கறதைப் பத்திச் சொல்லிக்கிட்டே ரெண்டாந்தடவை பாயசம் வாங்குனாரு. பல்லு வலிக்காரர் அதிரசத்தைக் கடிச்சாரு, பல்லு தானா வந்துருச்சு. அதை எல்லாருக்கும் காட்டிட்டு மறுபடி அதிரசம் கேட்டாரு.

நானும் உக்காந்தேன். சோறு, சாம்பாரு, கத்திரிக்கா வெஞ்சனம், ரசம், மோரு. அதுக்கப்புறம் மிச்சமிருந்த பட்டன்களும் போயிருச்சு. கவலைப்படல. மாலை இருந்துச்சு.

ஆல்பம் வந்தப்பத்தான் விவரம் தெரிஞ்சுச்சு. எல்லா போட்டோலயும் கவிதாவும் நானும் ஒரே கலர் மாலைல ஜம்முனு நிக்கிறோம். மாப்பிள்ளை நடுவுல யாரோ ஓட்டுக் கேக்க வந்தவரு மாதிரி நிக்கிறாரு. கவிதா இன்னும் எங்கிட்ட சரியாப் பேசல. மாப்பிள்ளைதான் அப்பப்ப போன் பண்ணி, "நான் யாருங்க?"ன்னு கேட்டுட்டு வச்சுர்றாரு.

இது போதாதுன்னு அந்தக் காலேஜ் பொண்ணு என் போட்டோவை ஸ்டேட்டஸ்ல போட்டிருக்கு. அது எப்படியோ சுத்தி நான் வேலை பாக்குற மில் ஆபீஸுக்கு வந்துருச்சு. கல்யாணத்துக்கு அடுத்து வந்த திங்கக்கெழமை போனா, "சொல்லாமக் கொள்ளாமக் கல்யாணம் முடிச்சுட்டீரே"ன்னு எல்லாரும் சேந்து ஒரு குக்கர் குடுத்தாங்க.

உண்மையச் சொல்லித் திருப்பிக் குடுத்துரலாம்னுதான் இருந்தேன். பருப்பு நல்லா வேகுது, விட்டுட்டேன்.