மரியாதைக் கை விதி

காந்தம் ஒரு கம்பியை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதைப் பெரியவர்கள் கூடிப் பேசி, கைதட்டலோடு தீர்மானித்த இடம் உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. அது ஒரு நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையம். மூன்று மாடி, ஓடாத ஒரு லிஃப்ட், மாடிக்கு மாடி 'அமைதி' என்று எழுதிய பலகை.

இப்பேர்ப்பட்ட இடத்தில் மகளைச் சேர்த்த பெருமை ஒரு பஸ் டிரைவரைச் சேரும். சேர்த்த அன்றே அவருக்கும் ஒரு பாடம் நடந்தது. பாடம் எவ்வளவு உயர்ந்தது என்று காட்டுவதற்காக இயக்குநரே புத்தகத்தைத் திறந்து முதல் கணக்கை வாசித்தார்.

"ஒரு பஸ் ஓய்வுல இருந்து கெளம்பி, சீரா வேகம் எடுத்து, நேர்கோட்டுல போகுது..."

"எந்தெந்த ஸ்டாப்புல நிக்கும் சார்?"

"நிக்காது."

"அப்ப ஜனங்க எப்படி ஏறுவாங்க?"

"ஜனங்களே கிடையாதுய்யா. பஸ்ஸே ஒரு புள்ளிதான்."

"பிரேக்காச்சும் இருக்கா?"

"உராய்வு, காத்துத் தடை எல்லாம் புறக்கணிக்கத்தக்கது. நீங்க வெளியில உக்காருங்க."

உராய்வு, காற்றுத் தடை, பெற்றோர் ஆகிய மூன்றும் புறக்கணிக்கத்தக்கவை என்பதுதான் அங்கே முதல் பாடம். டிரைவர் வெளியில் போய் உட்கார்ந்தார். பிரேக் இல்லாத வண்டியில் பெண்ணை ஏற்றிவிட்டோமே என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் அந்த மையத்தின் வழியாகத்தான் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியும் என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே வாயை மூடிக்கொண்டார்.

இனி அந்த மகத்தான விதிக்கு வருவோம். மின்சாரம் ஓடுகிற கம்பியைக் காந்தத்துக்கு நடுவே வைத்தால் கம்பி துள்ளும். எந்தப் பக்கம் துள்ளும் என்று கண்டுபிடிக்க, விவரம் தெரியாத உலகம் 'இடக்கை விதி' என்று ஒன்றை வைத்திருக்கிறது. இடது கையின் மூன்று விரல்களை ஒன்றுக்கொன்று குறுக்கே விரித்தால், ஆள்காட்டி விரல் காந்தப்புலம், நடுவிரல் மின்னோட்டம், கட்டைவிரல் காட்டுகிற பக்கம் துள்ளல். ஆண்டு விழாவில் ஒரு மாணவன் இதைச் சிறப்பு விருந்தினரின் மூக்குக்கு நேராகச் செய்து காட்டினான். இடது கை தன் முகத்துக்கு நேரே நீண்டதைக் கண்ட விருந்தினர், நினைவுப் பரிசைக்கூட வாங்காமல் காரில் ஏறிவிட்டார்.

மறுநாள் அவசரக் கூட்டம். 'இம்மையத்தில் இனி எல்லா விதிகளும் வலது கையாலேயே பின்பற்றப்படும்' என்று ஒருமனதாகத் தீர்மானம். விதிக்கு 'மரியாதைக் கை விதி' என்று புதுப் பெயர்.

"சார், கை மாறினா திசையும் மாறிடுமே" என்றார் இயற்பியல் ஆசிரியர்.

"மாறட்டும்யா. மரியாதை மாறக் கூடாதில்ல?" என்றார் இயக்குநர்.

ஆசிரியருக்கு உண்மையின் மேல் பாசம் உண்டு. தன் மூன்று பிள்ளைகள் மேல் கொஞ்சம் கூடுதல் பாசம் உண்டு. விடைகளையெல்லாம் திருத்தி அச்சடித்துக் கொடுத்தார். மாணவர்கள் பேனாவை வாயில் கவ்விக்கொண்டு, வலது கையை முறுக்கி முறுக்கிப் பழகினார்கள். மையத்தில் பூரண ஒற்றுமை நிலவியது.

அந்த ஒற்றுமையில்தான் டிரைவரின் மகள் கல்லைத் தூக்கிப் போட்டாள். மாதிரித் தேர்வில் எல்லோரும் 'கீழே' என்று எழுத, அவள் ஒருத்தி மட்டும் 'மேலே' என்று எழுதினாள். விசாரித்ததில், மேசைக்கு அடியில் இடது கையை மறைத்து வைத்து விரலை விரித்ததாக ஒப்புக்கொண்டாள்.

டிரைவரைக் கூப்பிட்டனுப்பினார்கள். காக்கிச் சட்டையோடு வந்து நின்றார்.

"எல்லார் முன்னாலயும் 'கீழே'ன்னு அவ வாயால சொல்லணும். இல்லேன்னா அடுத்த வாரம் பரீட்சைக்கு நுழைவுச் சீட்டு கிடையாது" என்றார் இயக்குநர்.

டிரைவர் மகளை ஓரமாக இழுத்தார். "அம்மாடி, மேலயோ கீழயோ, நமக்கென்ன வந்துச்சு? சொல்லிட்டு வந்து சேரு. எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு."

"மேலதாம்பா போகும்."

"நீ கண்ணால பாத்தியா?"

"இல்ல."

"இவங்க?"

"இங்க யாருமே பாத்ததில்லப்பா."

பார்க்காத பாதையைப் பற்றி யார் பேசினாலும் டிரைவர் நம்புவதில்லை. மகளானாலும் சரி. "ஒரு கம்பியைக் கொண்டாங்க, பாத்துருவோம்" என்றார் சத்தமாக.

"இயற்பியல் வகுப்புல கம்பியா?" இயக்குநர் பதறிப்போனார்.

ஆனாலும் பெருந்தன்மையோடு அனுமதித்தார். அவர் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த லாடக் காந்தம் வந்தது. சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரி வந்தது. மையத்தில் நேரம் நின்றது. கேள்வியில் இருந்தபடியே ஆசிரியர் மெல்லிய கம்பியைக் காந்தத்துக்கு நடுவே குறுக்காக, தொய்வாக வைத்து இணைத்தார்.

கம்பி மேலே துள்ளியது.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "கம்பி தப்பு" என்றார்.

"அதுக்கு நாம இன்னும் பாடம் நடத்தல சார்" என்றார் ஆசிரியர்.

இயக்குநர் தாமே எழுந்து வந்து காந்தத்தைத் திருப்பி வைத்தார். இப்போது கம்பி கீழே போனது. அறை அதிரக் கைதட்டல்.

"பாத்தீங்களா? சரியா வச்சா சரியான விடை வருது!"

"ஐயா, வண்டி தப்பான பக்கம் போகுதுன்னு ரோட்டையே திருப்பி வைக்கிறீங்களே!" என்றார் டிரைவர்.

"நீங்க வெளியில உக்காருங்க."

டிரைவர் நகரவில்லை. அவருக்கு இப்போது வேறு பயம். மகள் 'மேலே' என்று சொன்னால் பரீட்சை போகும். 'கீழே' என்று சொன்னால், தன் கண் எதிரே துள்ளிய கம்பியைப் பொய்யாக்கிவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். அப்படிச் சொல்லச் சொன்னதே தான்தான் என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"சொல்லும்மா. கம்பி எந்தப் பக்கம் போச்சு?" என்றார் இயக்குநர்.

மகள் காந்தத்தைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள்.

"இப்பவா சார்? இப்ப கீழ."

மன்னிப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது. நுழைவுச் சீட்டு கைக்கு வந்தது.

பரீட்சையில் காந்தக் கேள்விகள் வரிசையாக வந்தன. மையமே ஒருமனதாக வலது கையை முறுக்கியது. அவள் இடது கையை மேசை மேலேயே வைத்து விரித்தாள். அந்த மையத்திலிருந்து தேறியவள் அவள் ஒருத்திதான்.

இயக்குநர் ஆளனுப்பினார். மையத்தின் பெயர்ப்பலகைக்கு முன்னால் நிற்கவைத்து, "அந்த மூணு விரலைக் காட்டும்மா" என்று படம் எடுக்கச் செய்தார். அவள் இடது கையை நீட்டினாள். அவர் கோபிக்கவே இல்லை, சிரித்தார். இந்த ஆள் சிரித்தால் எங்கேயோ இடிக்கப் போகிறது என்று கூட வந்திருந்த டிரைவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் நாற்சந்தியில் சிவப்பு விளக்குக்கு பஸ்ஸை நிறுத்தியபோது எதிரே ஆளுயர விளம்பரம். 'மரியாதைக் கையின் மாபெரும் வெற்றி!' என்று கொட்டை எழுத்து. அதன் கீழே மகள், வலது கையை நீட்டிக்கொண்டு. அவளுக்குப் பின்னால் மையத்தின் பெயர் என்னவோ போல் தெரிந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் ஆகையால் தன் மேல்தான் தப்பு என்று நினைத்தார்.

"தம்பி, என் பொண்ணுக்குப் பின்னால அந்தப் பலகையில என்ன போட்டிருக்கு?"

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "படிக்க வரலண்ணே. படத்தை இடம்வலமாத் திருப்பி அச்சடிச்சிருக்கானுங்க."

பச்சை விழுந்தது. பஸ் நகர்ந்து விளம்பரத்தைத் தாண்டியது. அதன் பின்பக்கத்திலும் அதே படம்தான். டிரைவர் பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க?"

"நேராப் பாத்தா அவங்க எழுதினது ஒழுங்கா இருக்கு, என் பொண்ணு மாறி நிக்கிறா. கண்ணாடியில பாத்தா என் பொண்ணு ஒழுங்கா நிக்கிறா, அவங்க எழுதினது பொரண்டு கெடக்கு. ரெண்டும் ஒண்ணா ஒழுங்கா இருக்க ஒரு வழியும் இல்ல தம்பி."