ஒரே உதையில் மூத்தவள்

அன்று மாலை நான் ஒரு சபதம் எடுத்தேன். சபதம் எடுப்பதற்கென்றே சில ஆண்கள் பிறக்கிறார்கள். அதை நிறைவேற்ற வேறு யாராவது பிறந்திருக்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை. உன் தம்பி முன்னாடி. ஒரே உதை. வண்டி கிளம்பும். கிளம்பலேன்னா அவனே தூக்கிட்டுப் போகட்டும். நான் வாயே திறக்க மாட்டேன்."

என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஒரே உதையா?"

"ஒரே உதை."

"உங்க கால்தானே? வாடகைக்கு எடுத்துட்டு வர மாட்டீங்களே?"

வண்டி என்றால் என் மோட்டார் சைக்கிள். ஒற்றை சிலிண்டர், இரும்பு உடம்பு, ராஜ முழக்கம். கல்யாணத்துக்கு முன்பே நான் வாங்கியது. அதனால் என் மனைவி அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘மூத்தவள்’. "மூத்தவளைக் குளிப்பாட்டியாச்சா?" என்பாள். "மூத்தவளுக்கு மாசா மாசம் எண்ணெய் மாத்துறீங்களே, இளையவளுக்கு ஒரு செருப்பு மாத்தக் கூடாதா?" என்பாள். இதையெல்லாம் தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வாள்.

மூத்தவளைக் கிளப்புவது ஒரு பூஜை. பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். கிக்கரை மெல்ல அழுத்தி, மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். கைப்பிடி ஓரத்தில் இருக்கிற குட்டி லீவரைப் பிடித்து இஞ்சினை ஒரு மூச்சு விடச் சொல்ல வேண்டும். பிறகு லீவரை விட்டுவிட்டு, மொத்த உடம்பையும் தூக்கி ஒரு உதை. கிளம்பாது. மறுபடியும் முதலிலிருந்து. சில நாள் நான் உதைத்தால் அவள் திருப்பி உதைப்பாள். என் வலது முழங்காலுக்குக் கீழே அதற்கான அத்தாட்சிகள் உண்டு. அரைமணி நேரம் இப்படி மல்லுக்கட்டிவிட்டு, சட்டை பிழிகிற மாதிரி நனைந்து, கடைசியில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன்.

எதிர்வீட்டுத் தையல்காரர் இதைப் பார்த்துக்கொண்டேதான் பல் தேய்ப்பார். "என்ன சார், இன்னிக்கும் நடராஜா சர்வீஸா?" என்று கேட்பார். ஒரு நாளாவது கேட்காமல் சும்மா இருந்தது கிடையாது.

என் மனைவிக்கு வேண்டியது ஒரு ஸ்கூட்டர். பொத்தானை அமுக்கினால் கிளம்ப வேண்டும். அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள், காலை ஷிஃப்ட். பஸ்ஸில் நசுங்கிப் போய்ச் சேர்கிறாள். நியாயமான ஆசைதான். ஆனால் அவள் தம்பி பழைய வண்டி வாங்கி விற்கிறவன். மூத்தவளை எடுத்துக்கொண்டு ஒரு ஸ்கூட்டரைத் தருவதாகச் சொல்லியிருந்தான். என் வயிறு எரிந்ததே அதில்தான். அவன் மூத்தவளைப் பார்க்கிற பார்வையே கசாப்புக் கடைக்காரன் ஆட்டைப் பார்க்கிற பார்வை.

சரி, என் தைரியத்துக்குக் காரணம் சொல்கிறேன். காதைக் கொடுங்கள். மூத்தவள் ஆறிப்போயிருந்தால்தான் அடம்பிடிப்பாள். சூடாக இருந்தால் தொட்டதும் கிளம்புவாள். இந்த உண்மை என்னைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் வேலை பார்ப்பது இன்சூரன்ஸ் கம்பெனியில், வாகன நஷ்டஈட்டுப் பிரிவில். "நின்ன வண்டி சார், மரம்தான் வந்து மோதிச்சு" என்று வருகிறவர்களை மூஞ்சியைப் பார்த்தே பிடித்துவிடுவேன். ஊரார் பொய்யைப் பிடித்துச் சம்பளம் வாங்குகிறவனுக்குச் சொந்தமாக ஒரு பொய் சொல்லத் தெரியாதா?

ஞாயிறு விடியும் முன்பே எழுந்தேன். மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். மூத்தவளை ஓசைப்படாமல் தெருமுனை மரக்கடைச் சுவருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். உதைத்தேன். உதைத்தேன். கெஞ்சினேன். அவள் பெற்றோரைத் திட்டினேன். ஒருவழியாகக் கிளம்பினாள். நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு, அணைத்து, திரும்பத் தள்ளிக்கொண்டு வந்து, உறையைப் போர்த்திவிட்டு, படுக்கையில் விழுந்தேன். சந்தேகம் வரக் கூடாது என்று குறட்டைகூட விட்டேன்.

"என்னங்க, இன்னிக்குக் குறட்டை புதுசா இருக்கு?" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

சற்று நேரத்தில் மச்சினன் வந்துவிட்டான், கையோடு குட்டி லாரியும். அவ்வளவு நம்பிக்கை! தையல்காரர் பல் தேய்க்காமலே வாசலுக்கு வந்தார்.

உறையை எடுக்கப் போனேன். தெருப்பூனை ஒன்று, வேண்டாத விருந்தாளி, உறைக்குள் நுழைந்து இஞ்சின் ஓரமாகச் சுருண்டு படுத்திருந்தது. முகத்தில் பரம சுகம். என் மனைவி பூனையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி பூனையைப் பார்த்தாள்.

"பாவம், அதுக்குக் குளிருது போல" என்றாள்.

பூனையை விரட்டினேன். குழாய், முள், லீவர் எல்லாம் ஆயிற்று. கண்ணை மூடி ஒரே உதை.

டப், டப், டப், டப்!

தையல்காரர் கை தட்டினார். மச்சினன் வாயைப் பிளந்தான். நான் ஏறக்குறைய அழுதுவிட்டேன். இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் நான் ஜெயித்த முதல் வழக்கு இது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஜெயித்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏங்க, ஒரு சந்தேகம்" என்றாள் மனைவி, ரொம்ப பவ்யமாக. "இது உங்க காலோட சாமர்த்தியமா? வண்டியோட குணமா?"

"மாமா காலுக்கு மட்டும்தான்க்கா மசியுது" என்று மச்சினன் குறுக்கே புகுந்தான். "வேற யார் உதைச்சாலும் இது பழைய இரும்புதான்."

பழைய இரும்பா! என் மூத்தவளையா!

"அடேய், வண்டி தங்கம்டா! சின்னக் குழந்தை உதைச்சாலும் கிளம்பும்!"

"அப்ப நான் உதைச்சாலும்?" என்றாள் மனைவி.

"நீ எதுக்கு உதைக்கணும்? நீ ஊதினாலே கிளம்பும்!"

"ரொம்ப நல்லதாப் போச்சு. அப்ப நாளையிலிருந்து நானே எடுத்துட்டுப் போறேன். காலை ஷிஃப்டுக்கு வசதி. உங்களுக்குத்தான் ஆபீஸ் வாசல்லயே பஸ் நிக்குதே."

கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். "நீ... இவ்வளவு கனமான வண்டியை..."

"அக்காவா? கடைக்கு வர்ற வண்டியை எல்லாம் ஓட்டிப் பார்த்துச் சொல்றதே அக்காதானே மாமா" என்றான் மச்சினன். "அக்கா, ஒரே உதையில கிளம்பலேன்னா அன்னிக்கே ஒரு போன் போடு. லாரியோட வந்துடறேன். என்ன மாமா, சரிதானே?"

என்ன சொல்ல? சரியில்லை என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்று சொன்னால் மூத்தவள் லாரியில் ஏறிவிடுவாள். சரி என்றேன்.

மறுநாள் விடியும் முன் எழுந்தேன். மரக்கடைச் சுவர். உதை, கெஞ்சல், திட்டு, சூடு. தள்ளிக்கொண்டு வந்து போர்த்திவிட்டுக் குறட்டை விட்டேன். என் மனைவி சேலையை இழுத்துச் செருகி, ஹெல்மெட்டை மாட்டி, போகிற போக்கில் ஒரு உதை விட்டாள். மூத்தவள் கிளம்பிவிட்டாள். தெருமுனை திரும்பும்போது ஹாரன் வேறு. அரைமணி கழித்து நான் பஸ் படியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போனேன். அந்தக் காலும் வீங்கியிருந்தது.

அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த வாரமும். மழை பெய்தால் குடையோடு போனேன். ஜுரம் வந்தபோது போர்வையோடு போனேன். ஆபீசில் நடுப்பகலில் தூங்கிவிழுந்து மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். லேபிலோ என் மனைவிக்கு ஏக மரியாதை. "எங்க வீட்டுக்காரர் வண்டியைக் கண்ணு மாதிரி வச்சிருக்கார்" என்று எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொள்கிறாளாம். தையல்காரருக்குத்தான் காலைப் பொழுது போகவில்லை. "என்ன சார், இப்பல்லாம் நிகழ்ச்சியே கிடையாதா?" என்று வருத்தப்பட்டார்.

ஒன்று மட்டும் என் மனசுக்கு ஆறுதலாக இருந்தது. கால் போனாலும், தூக்கம் போனாலும், மூத்தவள் வீட்டில் இருக்கிறாள். அதைவிட, என் ரகசியம் பத்திரமாக இருக்கிறது. ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் வாயைப் பார்த்தே, வெறும் வயிற்றில் வந்திருக்கிறார்களா இல்லையா என்று கண்டுபிடிக்கிறவள் என் மனைவி. அவளையே ஏமாற்றிவிட்டேனே! அந்த நினைப்பிலேயே பஸ்ஸில் சில நாள் தனியாகச் சிரித்திருக்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள்.

நேற்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் என் மனைவி அலமாரியிலிருந்து ஒரு மப்ளரை எடுத்து என் தலையணை மேல் வைத்தாள்.

"இது எதுக்கு?" என்றேன்.

"மரக்கடைச் சுவர்ப் பக்கம் காத்து ஜாஸ்தி. காதைக் கட்டிட்டுப் போங்க."

மப்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"எ... எந்த மரக்கடை?"

அவள் விளக்கை அணைத்தாள். போர்வையை இழுத்துக்கொண்டாள். கொட்டாவி விட்டபடியே சொன்னாள்:

"நாளைக்கு எனக்கு சீக்கிரமே ஷிஃப்ட். மூத்தவளைச் சூடு பண்ணிட்டு வந்ததும், அப்படியே எனக்குக் குளிக்க வெந்நீரும் வச்சிடுங்க."